ஏழாவது குழியின் சாட்சி

ஒரே அடியில் பந்து குழிக்குள் விழுந்தால்தான் எங்கள் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் மிஷின் வரும் என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஓ.பி. சீட்டில் மற்றவர்களின் வயதைக் கேட்டுக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. என் வயதுக்கான புத்தி மட்டும் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

எங்களுடையது திண்டிவனத்துக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்தும் சின்ன மருத்துவமனை. பிரசவம், காய்ச்சல், பாம்புக்கடி வரைக்கும் பார்ப்பார்கள். கிட்னி என்றால் வெளியே கை காட்டுவார்கள். அப்படிக் கை காட்டப்பட்டவர்களில் என் அக்காவும் ஒருத்தி. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள். முதலில் மாமா போனார். அடுத்த வருடமே இரண்டு கிட்னியும் போயின. "மூணு பேரும் சொல்லாம கொள்ளாம பூட்டாங்கடா" என்று சொல்லிக்கொண்டே ஒரு டிரங்குப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

விழுப்புரத்தில் டயாலிசிஸுக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தோம். இடம் கிடைத்தது பாண்டிச்சேரியில். செவ்வாய், வியாழன், சனி. விடியற்காலை ஐந்து மணி பஸ். போகும்போது வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டு வருவாள். திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கிடப்பாள். ஒருமுறை கிளியனூர் தாண்டும்போது மயங்கி முன்சீட்டுக்காரர் மேல் சரிந்தாள். அவள் குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாள் முழுக்க அவளுக்கு அனுமதித்த தண்ணீர் மூன்று டம்ளர். இன்னும் எத்தனை வருடம் இருப்பாளோ தெரியாது. இருக்கிற நாளில் பாதியைப் பஸ்ஸில் கழிக்க வேண்டாம் என்பதுதான் என் ஆசை. வீட்டிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு நடந்தால் பத்து நிமிடம்.

இந்த நேரத்தில்தான் மருத்துவமனையை நடத்தும் தலைமைக் கன்னியாஸ்திரீயான மதர் என்னைக் கூப்பிட்டார். "சென்னையில இருந்து டாக்டருங்க, கம்பெனிக்காரங்க எல்லாம் சேர்ந்து வானூர்ப் பக்கம் ஒரு பண்ணையில கோல்ப் ஆடுறாங்க. அதுல வர்றது நமக்கு டயாலிசிஸ் மிஷினுக்கு, ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு, ஒரு ஊருக்குத் தண்ணித் தொட்டிக்கு. நம்ம ஆளுங்களும் உதவிக்குப் போகணும்."

"எனக்கு கோல்ப் தெரியாதே, மதர்."

"ஏழாவது குழிக்கிட்ட ஒரு சாட்சி வேணுமாம். யாராச்சும் ஒரே அடியில குழியில போட்டா, நான் பார்த்தேன்னு கையெழுத்துப் போடணும். சும்மா உக்காந்து பாக்கற வேலை. உங்களுக்குப் பழக்கம்தானே?"

காலை எட்டு மணிக்கு வேனில் கொண்டுபோய் இறக்கினார்கள். முந்திரி மரங்களுக்கு நடுவே, இதில் ஏன் ஒரு மாடுகூட மேயவில்லை என்று தோன்றும்படி ஒரு பச்சைப் புல்வெளி. ஏழாவது குழிக்குப் பக்கத்தில் ரிப்பன் கட்டிய புதுக் கார் ஒன்று நின்றது. அதன் பின்னால் பேனர். மேலே காரின் படம், கீழே டயாலிசிஸ் மிஷினின் படம், நடுவில் ஆங்கிலத்தில், ஒரே அடியில் போட்டால் பரிசு என்று. எனக்குப் புரிந்துவிட்டது. அடித்தவனுக்குக் கார், எங்களுக்கு மிஷின்.

சந்தேகத்துக்கு எங்கள் பார்மசிக்காரரைக் கேட்டேன். அவர் மோர் பந்தலில் நின்றார். மருந்து ஆய்வாளர் வருகிறார் என்று நான் ஒருமுறை புளுகி, அவரை இரண்டு மணி நேரம் அலமாரியைத் துடைக்க வைத்தது எனக்கு மறந்துவிட்டது. அவருக்கு மறக்கவில்லை.

"ஆமா சார். பந்து வுழுந்தாதான் மிஷினு. வுழலன்னா அடுத்த வருஷம்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அடுத்த வருடம். அதுவரை அக்காவுக்குப் பஸ்தான். குடைக்கீழ் நாற்காலியில் உட்கார்ந்தேன். பந்து பொறுக்குவதற்கு வானூரிலிருந்து கூலிக்கு வந்த ஓர் அம்மாள் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள்.

"இந்தக் குழியில இதுவரைக்கும் ஒரே அடியில யாருனா போட்டிருக்காங்களாம்மா?"

"போன வருஷமும் நான்தான் வந்தேன். ஒருத்தரும் போடல சார். ஏன், உங்களுக்கு இன்னா வந்துச்சு? மூஞ்சி இப்புடி வேர்க்குது?"

"வெயில்."

"குடைக்கீய உக்காந்துகினு வெயில்ங்கறீங்க."

காலை முழுக்க நான்கு நான்கு பேராக வந்தார்கள். தூரத்தில் ஒரு கை உயரும், டக் என்று சத்தம் வரும், வெள்ளையாக ஒன்று வானத்தில் ஏறும். ஒவ்வொரு தடவையும் என் உயிரும் கூடவே ஏறும். சில பந்து மணலில் புதைந்தது, சில முந்திரிக்குள் போனது, ஒன்று காரின் கூரையில் விழுந்து குதித்தது. "மல்லாட்ட பொறுக்குனா ஒரு கூலி, பந்து பொறுக்குனா ரெண்டு கூலி. தெனமும் இவுங்க வந்து அடிச்சிக்கினு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள், மற்ற நாளில் வேர்க்கடலை பொறுக்கப் போகும் அந்த அம்மாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு பணக்காரனின் தோளையும் மணிக்கட்டையும் அளந்துகொண்டிருந்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

கடைசி நால்வர் வரும்போது மணி பன்னிரண்டு. அதற்கு முன்பு ஐந்து நிமிடம் இடைவெளி கிடைத்தது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் என் புத்தி முழுசாகக் கழன்றது. முந்தின நாள் பௌர்ணமி. திருவக்கரைக்குப் போய் வக்ரகாளியம்மன் காலடியில் வைத்து வாங்கிய மூன்று எலுமிச்சம்பழம் சட்டைப் பையில் இருந்தது. புது வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிறோம், கடை வாசலில் வைக்கிறோம், இந்தக் குழிக்கு வைத்தால் என்ன? அம்மாள் மோர் குடிக்கப் போன நேரமாகப் பார்த்து குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். புதைத்துவைத்த பெரிய டம்ளர் அளவுதான் குழி, நடுவில் கொடிக்கம்பு. ஒரு பழம் வைத்தேன். பயத்துக்கு ஒன்று போதவில்லை. மூன்றையும் வைத்து அழுத்தினேன், குழி வாய்வரை நிறைந்துவிட்டது.

ஓடிவந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் டக் என்றது, ஒரு பந்து முந்திரிக்குள் போனது. மறுபடி டக். ஒரு பந்து புல்லில் விழுந்தது. குதித்தது. உருண்டது. நேராகக் கொடிக்கம்பை நோக்கி, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவருவதைப் போல வந்தது. நான் எழுந்து நின்றேன். பந்து குழியின் வாய்க்கு வந்து ஏறி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு நொடி உட்கார்ந்து, வழுக்கி, பக்கத்துப் புல்லில் போய் நின்றது.

அக்காவின் மிஷினை நானே மூடிவைத்த மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடித்த கம்பெனிக்காரரும், போட்டியை ஏற்பாடு செய்த டாக்டரும் நடந்து வந்தார்கள். குழிக்குள் குனிந்து பார்த்த கம்பெனிக்காரர், "டாக்டர், இங்க யாரோ ஊறுகாய் போட்டிருக்காங்க" என்றார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா, பாண்டிச்சேரி பஸ், அம்மன், பார்மசிக்காரர் சொன்ன அடுத்த வருடம், எல்லாம். நடுவில் அழுதும் தொலைத்தேன்.

டாக்டர் என் தோளைப் பிடித்தார். "ஐயா, மிஷினுக்கும் குழிக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஆட வந்தவங்க கட்டின தொகையிலயே மிஷினுக்கு ஆர்டர் போட்டாச்சு. ஒரே அடிக்குக் கார் மட்டும்தான்."

"அப்போ சாருக்குக் கார் போச்சா?" என்று கேட்டேன்.

கம்பெனிக்காரர் சிரித்தார். "அது என்னோட ரெண்டாவது பந்துங்க. மொத பந்து முந்திரிக் காட்டுல கெடக்கு. இது குழியில வுழுந்திருந்தாலும் ஒரே அடிக் கணக்குல வராது."

மோர் பந்தலில் பார்மசிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் சொன்னபோது அக்காவும் சிரித்தாள், இருமல் வரும்வரை. "கோயில் எலுமிச்சம்பயத்த குழியில போட்டியாடா? நீ எனக்கு மிஷினு வாங்கித் தர்ற லட்சணமா இது?" அன்றிரவு அவள் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாள்.

மிஷின் அடுத்த மாதமே வந்தது. பிரசவ வார்டுக்குப் பக்கத்து அறையில் டைல்ஸ் ஒட்டி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி வைத்து, டெக்னீஷியன் ஒருவரை எடுத்தார்கள். பெயர் எழுதும் முதல் நாள், அக்கா கல்யாணத்துக்குப் போவதுபோல் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சீட்டை நானே எழுதி உள்ளே கொண்டுபோனேன். அறைக்குள் இருந்த டாக்டரம்மா அக்காவின் பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு காகிதத்தில் நின்றார்.

"இவங்களுக்கு ரத்தத்துல சி வகை மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்தக் காகிதத்தைப் பாண்டிச்சேரியில் கவுண்டரில் வாங்கி மடித்து ஃபைலில் வைத்தவன் நான்தான். நான் படிக்கவில்லை. அங்கே அவளை வேறு அறைக்கு மாற்றியபோது, கூட்டமில்லாத அறை என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். எப்போது, எங்கே ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"கிருமி இருக்கறவங்களுக்குத் தனி மிஷின் வேணும். இங்க இருக்கறது ஒண்ணுதான். மத்தவங்க அதுல படுக்கணும்ல? மாத்திரை தர்றேன். சாப்பிட்டு முடிச்சு, மறுபடி ரத்தம் பார்த்துட்டு அப்புறம் பேசலாம்."

வெளியே பெஞ்சில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாவாம்டா?"

சொன்னேன். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "சரி வுடு. ஜல்தியா வீட்டுக்குப் போலாம். வெயிலு ஏறுது."

அந்த மிஷினில் இப்போது நான்கு பேருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அக்கா பாண்டிச்சேரிக்குத்தான் போகிறாள்.