சாருக்கு வாங்கி வந்த சோடா

1986-ஆம் வருடம், மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பம்பாயில், செம்பூரிலிருந்து என் மகனை அழைத்துக்கொண்டு தாராவியில் இருந்த அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா கையில் ஒரு புத்தகத்தோடு வாசலிலேயே நின்றார். நானும் அண்ணனும் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்து சார் ஒருவர், ஓய்வு பெற்றபின் தன் ஆசிரிய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருந்தார். மாட்டுங்காவில் ஒரு ஹாலில் வெளியீட்டு விழா. அப்பா குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், சாரிடம் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தார். புத்தகத்தில் தன்னைப் பற்றி வருகிறது என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமல் சொல்லியாயிற்று.

அண்ணனும் வந்திருந்தான். அவன் குர்லாவில் சின்னதாக வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். ஆறாவதோடு படிப்பை விட்டவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அதனால் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, வலது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டான். இடது காது அவனுக்குக் கேட்காது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, “கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்” என்று சொல்லித்தான் ஒப்படைப்பார்கள். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே சொல்வார்கள். சொல்லாவிட்டால் வாத்தியாருக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதவன் என்று பேராகிவிடும். அண்ணனைச் சேர்த்தபோது அப்பாவும் சொன்னார்.

சார் அதை வார்த்தை மாறாமல் எழுதி, அந்தக் காலத்துப் பெற்றோரின் பெருந்தன்மை என்று உருகியிருந்தார். அடுத்ததாக அண்ணன் கதை. தமிழ் வகுப்பில் கேட்ட கேள்விக்கு அவன் ‘மாலும் நஹி’, தெரியாது என்று இந்தியில் சொல்லிவிட்டான். பம்பாய்த் தெருவில் விளையாடுகிற பிள்ளைக்குச் சட்டென்று வாயில் வருவது அதுதான். தமிழை அவமதித்துவிட்டானாம். சார் ஓங்கி ஓர் அறை விட்டார். பையன் பம்பரமாகச் சுற்றினான், வகுப்பே சிரித்தது என்று அதைத் தமாஷாக வேறு எழுதியிருந்தார். அந்தப் பையன் இன்று பட்டறை முதலாளி, அந்த அறைதான் அவனை ஆளாக்கியது என்று கதையை முடித்திருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அண்ணன் அந்த வாரத்தோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். யாரோ ஒருவருடைய பட்டறையில் கூட்டிப் பெருக்கி, ஏச்சுப் பேச்சு வாங்கி, கையெல்லாம் சுட்டுக்கொண்டு தொழில் கற்றான். அந்த உழைப்பையும் பிடுங்கித் தன் பெருமையாக்கிக் கொண்டார் மனுஷன். அந்த அறையில் அவன் இடது காது போனதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்பார்கள். வருடக்கணக்கில் அதே தெருவில் நடமாடியவருக்குத் தெரியவில்லை என்றால் அது இன்னும் மோசம்.

அப்பாவோ பூரித்துப் போயிருந்தார்.

“நான் சொன்ன வார்த்தைய அப்படியே போட்டிருக்காரு பாத்தியா? நாளைக்குப் பேரன டியூஷன்ல சேக்கையில நானே வந்து அந்த மாஸ்டர்ட்டயும் சொல்லுதேன்” என்றார்.

என் மகனுக்குக் கணக்கு வரவில்லை என்று, கண்டிப்புக்குப் பேர்போன ஒரு மாஸ்டரிடம் செம்பூரில் சேர்ப்பதாக இருந்தோம். பையன் தாத்தா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

நான் கத்திவிட்டேன். உங்கள் பிள்ளையின் காது போனது போதாதா, என் பிள்ளையின் காதும் வேண்டுமா என்று கேட்டேன். அப்பாவுக்கும் கோபம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அடிக்காத வாத்தியார் யார், சார் என்ன வேண்டுமென்றா செய்தார் என்று சத்தம் போட்டார். ஓர் அடிக்குப் பயந்து படிப்பை விட்டது இவன் குற்றம் என்றார்.

அண்ணன் அப்போதுதான் பேசினான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“அடிக்குப் பயந்து நிக்கலப்பா. அன்னைக்குச் சாயந்தரம் சார் நம்ம வீட்டுக்கு வந்தாருல்லா. நான் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கல. சாருக்கு சோடா வாங்கிட்டு வாலேன்னு என்னத்தான் அனுப்புனீங்க. கடைக்காரன் எத்தனைன்னு கேட்டது எனக்குக் கேக்கல.”

இத்தனை வருடங்களில் இதை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அப்பா புத்தகத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு, மழை விட்டுவிட்டதா என்று பார்ப்பவர் போல வெளியே போய்விட்டார்.

மறுநாள் மகனை நானே மாஸ்டரிடம் அழைத்துப் போனேன். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை மேல் கை வைக்கக் கூடாது என்றேன். அவர் சிரித்தார். எல்லாரும் தோலை உரிக்கச் சொல்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்னம்மா என்று கேட்டார். அடிக்காமல் கணக்கு வராது, இப்படிச் செல்லம் கொடுத்தால் பையன் உருப்பட மாட்டான் என்று எனக்கே பாடம் நடத்தினார். தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் பிள்ளையோடு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் கணவர் தாம் தூம் என்று குதித்தார். குதிக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த வருடம் மகன் கணக்கில் ஃபெயில்தான். அதற்காக ஒரு நிமிஷமும் நான் வருத்தப்படவில்லை.

வாத்தியார் அடித்ததால்தான் உருப்பட்டேன் என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்த சாரைக்கூட என்றாவது ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. காதைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளையிடம் என்ன ஆச்சு என்று கேட்காத என் அப்பாவை, அவர் போய்ச் சேர்ந்த பிறகும், என்னால் மன்னிக்க முடியவில்லை.