ஒரு பஞ்சளவு பால்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. மறைந்தவரின் பெருமையை எழுதுவதுதான் இம்மாதிரி மலர்களின் முறை. அப்பாவைப் பற்றி எழுத அப்படி நிறையவே இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு வருடம் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவன் அவருடைய ஒரே பிள்ளையான நான். அதனால் நான் செய்த ஒன்றையும் இங்கே எழுதியாக வேண்டும்.

அப்பா லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ரப்பர் மரம் சீவியவர்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிறகு ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கூடத்தில் வேலை. விறகு மூட்டுவதும், உள்ளே நுழைந்து ஷீட்டுகளைத் திருப்பிப் போடுவதும் அவர் பொறுப்பு. சிகரெட்டும் உண்டு, மறைக்க மாட்டேன். கேட்டால், "நாள் முழுக்கப் புகையில நிக்கிறவனுக்கு இது என்னாடா புதுசு?" என்று சிரிப்பார். தோட்டம் ரப்பரை விட்டு, எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியபோது களைக்கொல்லி டாங்கை முதுகில் சுமந்தார். லயத்தை இடித்த பிறகுதான் நாங்கள் ரஹாங்குக்கு வந்தோம்.

பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போனபின், தங்கையை வளர்த்து லுக்குட்டில் கட்டிக் கொடுத்தவர் அப்பாதான். அந்தத் தங்கைதான் என் அத்தை. அப்பா வாசலில் நின்று "பாப்பா!" என்று ஒரு குரல் விட்டால் மூன்று லயத்துக்குக் கேட்குமாம். செம்மண் பாதையில் மழை இருட்டிக்கொண்டு வந்தாலும், அந்தக் குரல் வரும் பக்கமாகவே நடந்து வீடு வந்து சேர்ந்துவிடுவேன் என்று அத்தை சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு நுரையீரல் கெட்டது. கெட்ட நுரையீரல் திரும்பாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், நாங்கள் கூப்பிடும் மிஸ்ஸிதான், எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார். அப்பாவை மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, தலையணையில் கைகளை ஊன்றிச் சாய வைக்கச் சொன்னார். "அங்கிள், சூடான தேத்தண்ணிய ஊதுற மாதிரி உதட்டக் குவிச்சு ஊதுங்க. பெலான்-பெலான், அவசரமே வேணாம்லா" என்று அப்பாவுக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தார். எனக்குச் சொன்ன கட்டளைகள் வேறு. ஆக்சிஜன் மெஷினின் திருகைக் கூட்டக் கூடாது, பக்கத்தில் விளக்கோ சாம்பிராணியோ கூடாது, மட்டமாகப் படுக்கவைக்கக் கூடாது, மூச்சு வாங்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வாய் காய்ந்தால் பஞ்சை நனைத்து உதட்டைத் தடவினால் போதும். நான் அத்தனையையும் மனப்பாடம் செய்தேன். அந்த இரண்டு வருடத்தில் அப்பாவின் முதுகு ஒரு நாளும் படுக்கையைத் தொடவில்லை. தூக்கமெல்லாம் உட்கார்ந்தபடிதான்.

தீபாவளி முடிந்த வாரம் அவருக்குச் சளி பிடித்தது. ஒரு சாயங்காலம் உதடு நீலமாகி, கண் சொருகியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினால், அப்பாவைப் பார்க்க வந்திருந்த அத்தை கையில் பால் டம்ளரோடு நிற்கிறார்.

"தம்பி, அண்ணன் போற நேரம் வந்துருச்சு. கீழ படுக்க வச்சிரு. உன் கையால ஒரு கரண்டி, என் கையால ஒரு கரண்டி. அடங்காம தவிக்கிறாருல்ல?"

"படுக்க வச்சா மூச்சு நின்னுரும் அத்தை. பால் நெஞ்சுக்குள்ள போயிரும்."

"எங்கப்பனுக்கு ஊத்துனேன், எங்கம்மாவுக்கு ஊத்துனேன். எனக்குத் தெரியாதா? மிஸ்ஸி சொன்னதுதான் உனக்கு வேதமாப் போச்சா?"

நான் டம்ளரைப் பிடுங்கினேன். பால் தரையெல்லாம் கொட்டியது. அதோடு விட்டேனா? "உயிரோட இருக்கிறவருக்குக் கருமாதி பண்ண வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். தரையைத் துடைத்துவிட்டுப் போன அத்தை பிறகு வரவே இல்லை.

பத்தாம் நாள் அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். பார்த்தீர்களா, நான் சொன்னதுதான் சரி என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

திரும்பி வந்த அப்பா பழைய அப்பா இல்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினால், சட்டை போடுவதற்குள் களைத்துப் போவார். கஞ்சி நான்கு கரண்டிக்கு மேல் இறங்காது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். மிஸ்ஸி என்னை வெளியே அழைத்து, "அடுத்த தடவை இப்படி மூச்சு முட்டுனா தாங்க மாட்டாரு. யாரெல்லாம் பாக்கணுமோ, இப்பவே கூப்பிட்டுருங்க" என்றார்.

பார்க்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான். அப்பாவும் அதையேதான் கேட்டார்.

"பாப்பாவ... கூப்புடு."

"உடம்பு தேறட்டும்பா. நாமளே லுக்குட்டுக்குப் போவோம்."

"அது ஊத்துனா... குடிக்கிறேன்டா."

தேறாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் அத்தைக்குப் போன் செய்யவில்லை. போன் செய்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அப்பாவின் மூச்சைவிட என் ரோஷம் எனக்குப் பெரிதாக இருந்தது. இதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலை, பசியாறும் நேரத்தில் மூச்சுத் திணறல் தொடங்கியது. மிஸ்ஸி சொன்னதில் ஒன்றையும் நான் விடவில்லை. அப்பாவை என் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பினேன். "பெலான்-பெலான்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உதடு வெடித்திருந்தது, பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தடவினேன். மத்தியானத்துக்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் அத்தைக்குப் போன் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மகனுடைய மோட்டாரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பாக்கெட் பால். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வாய் காஞ்சிருந்துச்சா தம்பி?"

"தண்ணி தடவுனேன் அத்தை."

"தண்ணியா..." என்றார். அவ்வளவுதான்.

இருவரும் சேர்ந்து அப்பாவைக் கீழே படுக்கவைத்தோம். அத்தை ஒரு கரண்டி பால் ஊற்றினார். அது உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்து காதுவரை ஓடியது. அத்தை முந்தானையால் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் வழிந்தது.

அப்பாவுக்காக நடையாய் நடந்த மிஸ்ஸிக்கும், மின்சாரம் போன நாட்களில் மெஷினுக்குத் தங்கள் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், தோட்டத்து நண்பர்களுக்கும் எங்கள் நன்றி.

அத்தை, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு முகம் இல்லை. அன்று காலை பஞ்சு என் கையில் இருந்தது. பால் குளிர்பெட்டியில் இருந்தது. நீங்கள் லுக்குட்டில் இருந்தீர்கள். உங்களை அழைத்து, அந்தப் பஞ்சைப் பாலில் நனைத்து உங்கள் கையில் கொடுத்திருந்தால் மிஸ்ஸிகூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் அன்று கேட்டது ஒரு கரண்டி. நான் ஒரு பஞ்சளவுகூடக் கொடுக்கவில்லை.