கோட்டில் தைத்த மஞ்சள் பூ

மீசை இல்லாத ஆள் ஒருவர் எங்கள் குளியலறையிலிருந்து துண்டோடு வெளியே வந்தபோது எனக்கு ஒன்பது வயது. நான் போட்ட அலறலில் மேல்மாடி ஜேட்டு பாதிப் படி இறங்கி வந்துவிட்டார். ஆனால் அந்த ஆளின் வாயிலிருந்து வந்தது அப்பாவின் குரல்.

"எட்டி, நாந்தான்."

குரலை நம்புவதா முகத்தை நம்புவதா என்று தெரியாமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டவள் வெகுநேரம் மூடவே இல்லை.

அப்பா ரஷ்யாவுக்குப் போகவிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்து, கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர். புதிதாக வரவிருந்த ஓர் எஞ்சினைப் பழகிக்கொள்ள அவரை நான்கு மாதம் அங்கே அனுப்பினார்கள். டிசம்பரில் போய் மார்ச்சில் திரும்ப வேண்டும். மேல்மாடியில் குடியிருந்தவர் அப்பாவுக்கு அலுவலகத்தில் மூத்தவர். வங்காளத்தில் பெரியப்பாவை ஜேட்டு என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் ஏற்கெனவே ஒரு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். ஆகையால் எங்கள் வீட்டில் ரஷ்யா என்றால் ஜேட்டு சொல்வதுதான் ரஷ்யா.

தினமும் சாயங்காலம் தேநீரோடு பாடம் நடந்தது. அந்த ஊர்த் தெருவில் கறுப்பு, சாம்பல், காப்பிக்கொட்டை நிறம், இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வெள்ளை ஓட்டப் பந்தயக் காலணி போட்டால் ஊர் சுற்ற வந்தவன் என்று தெரிந்துவிடும். தெருவெல்லாம் பனிச்சேறாகக் கிடந்தாலும் ஒவ்வொருவர் காலணியும் பளபளக்கும். ஆளை எடைபோட முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். பெண்கள் ரொட்டி வாங்கப் போவதற்கே குதிகால் செருப்பும் உதட்டுச்சாயமுமாகக் கல்யாணத்துக்குப் போவது போல் போவார்கள். மப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சை உள்ளே விட வேண்டும். கல்கத்தாக்காரர்கள் உயிரைப் போல் நேசிக்கும் குரங்குக்குல்லாவைக் கனவிலும் எடுக்கக் கூடாது. ஜேட்டு அதைப் போட்டுக்கொண்டு ஏறியபோது டிராமே திரும்பிப் பார்த்ததாம். முதுகுப்பை வேண்டாம், சாமான்களைச் சாதாரண பிளாஸ்டிக் பையில் தூக்கிப் போக வேண்டும். நின்று கட்டிடங்களை அண்ணாந்து பார்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கவே கூடாது.

அம்மா இவற்றையெல்லாம் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவள் முகத்தைப் பார்த்தால் மருந்துச் சீட்டை நகலெடுப்பவள் போல இருக்கும். கூட்டத்தோடு கூட்டமாகத் தெரிந்தால் யாரும் கிட்டே வர மாட்டார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. யார் கிட்டே வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாக ஓநாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பாடந்தான் அப்பாவுக்குக் கடினமாக இருந்தது. பேருந்து நடத்துனரைப் பார்த்துக்கூடச் சிரிக்கிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வராந்தாவில் ஒத்திகை நடந்தது. நான் ரஷ்யக்காரியாக எதிரே வருவேன். அப்பா பிளாஸ்டிக் பையோடு என்னைத் தாண்டிப் போக வேண்டும். மூன்றாவது அடியிலேயே அவருக்கு உதடு விரிந்துவிடும்.

"சிரிக்காதிய. மறுபடி முதல்லேர்ந்து வாங்க" என்பாள் அம்மா. அவள் விளையாடவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

மீசை போனதும் இந்தப் பாடங்களால்தான். அங்கே பெரும்பாலும் மழுங்கச் சிரைத்த முகங்கள்தான் என்று ஜேட்டு சொன்னார். மறுநாள் காலை மீசை இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தகப்பன் இறந்தால்தான் மகன் மீசையை எடுப்பான். தாத்தா ஊரில் திடகாத்திரமாக இருந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய், தொலைபேசியில் அவர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "நான் உசிரோட கெடக்கும்போதே அவன் மீசைய எடுத்துட்டானாக்கும்?" அப்பா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வளர்ந்துவிடும் வளர்ந்துவிடும் என்று சமாதானம் சொன்னார்.

அப்பாவுக்கான கோட்டைக் கல்கத்தாவின் வெலிங்டன் சதுக்கத்தில் வாங்கினோம். நவம்பர் பிறந்ததும் அங்கே நடைபாதையில் கம்பளிக் கடைகள் முளைத்துவிடும். முழங்கால் வரை வரும் கறுப்புக் கோட்டு. கையுறையும் மப்ளரும் வாங்கக் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனோம். அம்மா கரியாஹாட் போகிற நாளெல்லாம் சிவப்புக் கரை போட்ட பருத்திப் புடவையை வங்காளிப் பெண்கள் மாதிரி கட்டிக்கொள்வாள். அப்போதுதான் கடைக்காரன் ஏமாற்ற மாட்டான் என்பது அவள் கணக்கு. கடைக்காரர்கள் மற்ற பெண்களிடம் வங்க மொழியில் பேசுவார்கள்; அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே அவளிடம் இந்தியில் பேசத் தொடங்குவார்கள். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அப்பா கோட்டைப் போட்டுக் கடைக் கண்ணாடியில் பார்த்தார். "எல்லாம் சரி. மூஞ்சிய என்ன செய்ய?" என்று கேட்டார்.

"குல்லாவ நல்லா இழுத்து விட்டுக்கிடுங்க. மப்ளர் இருக்குல்லா" என்றாள் அம்மா. குளிருக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய துர்கா பூஜையின்போது பந்தல் கூட்டத்தில் அப்பா என்று நினைத்து வேறு யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போயிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தபோது தெரியாத முகம். அந்த ஆள் நல்லவர், என்னைத் தூக்கிப் பிடித்துக் காட்ட அப்பா ஓடி வந்தார். ஆனால் நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு கணம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. மீசையோடும் கட்டம் போட்ட சட்டையோடும் இருந்த அப்பாவையே தொலைத்தவள், மீசையில்லாமல், கறுப்புக் கோட்டு போட்ட ஆயிரம் பேரோடு ஆயிரத்தொன்றாகத் திரும்பி வரும் அப்பாவை எப்படிக் கண்டுபிடிப்பேன்? அம்மாவும் ஜேட்டுவும் சேர்ந்து அவரை ஒரேயடியாகக் காணாமல் போகச் செய்கிறார்கள் என்று எனக்கு அழுகையாக வந்தது.

அவர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அம்மா மத்தியானம் கண்ணயர்ந்திருந்தபோது, பீரோவிலிருந்து கோட்டை எடுத்தேன். பள்ளியில் கைவேலை வகுப்புக்கு வாங்கிய மஞ்சள் கம்பளி நூல் என்னிடம் இருந்தது. காலருக்குக் கீழே, முதுகுப் பக்கம், ஐந்து இதழ் வைத்து ஒரு பூத் தைத்தேன். தடித்த துணியில் ஊசி இறங்க மறுத்தது, இரண்டு தடவை விரலில் குத்தியது. ஐந்தாவது இதழ் கோணிக்கொண்டது. எலுமிச்சை மஞ்சள், கறுப்பில் பளிச்சென்று தெரிந்தது. இனி அப்பா எந்தக் கூட்டத்தில் போனாலும் பின்னாலிருந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன்.

டம்டம் விமான நிலையத்தில் மப்ளர் அதை மறைத்துக்கொண்டது. அம்மா கடைசியாகச் சொன்னது, "யாரையும் பாத்துச் சிரிக்காதிய" என்பதுதான். அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறுதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் போன் செய்வார். மூன்று ஞாயிறுகள் நன்றாகப் போயின. நான்காவது வாரம் நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகையில் ஜேட்டு கதவுக்கு உள்ளே தன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எனக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும், ஒரு வார்த்தை தப்பவில்லை. அங்கே சில பையன்கள் கும்பலாகச் சுற்றுவார்களாம். வெளியூர்க்காரன் என்று ஒரே ஒரு அடையாளம் கண்ணில் பட்டால் போதும், விட மாட்டார்களாம். தன்னையும் ஒரு தடவை துரத்தினார்களாம். "ஓர் போவ்-கே போலோ நா" என்றார் ஜேட்டு. அவன் மனைவியிடம் சொல்லிவிடாதே என்று அர்த்தம்.

துணிகளை எடுத்தேனா இல்லையா என்று நினைவில்லை. ஓநாய் இல்லை, பையன்கள். ஒரே ஒரு அடையாளம். அதை நான்தான் என் கையால் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அம்மா ஒரு மணி வரை சும்மா இருந்தாள். பிறகு ஜேட்டுவின் மனைவி ஜேட்டிமாவின் போனிலிருந்து தன் எண்ணுக்கு அடித்து, மணி அடிக்கிறதா என்று பார்த்தாள். அடித்தது. திங்களும் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. ஜேட்டு அலுவலகத்திலிருந்து விசாரித்துச் சொல்வதாகச் சொன்னவர், திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் நிற்காமல் மேலே ஏறிவிட்டார். அம்மாவிடம் சொல்லிவிட வாயைத் திறப்பேன். அவள் அந்தக் காலண்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வரியை விட்டுவிட்டோம் என்று தேடுகிறவள் போல வரி வரியாகப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் மூடிக்கொள்வேன். அந்தத் தாளில் எழுதாத ஒன்று என்னிடம் இருந்தது. அப்பா திரும்பி வந்துவிட்டால் இனி ஊசியையே தொட மாட்டேன் என்று சாமி படத்தின் முன் நின்று சொன்னேன்.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. ரொட்டி வாங்கக் கடைக்குப் போனபோது பனியில் வழுக்கி விழுந்துவிட்டாராம். புருவத்தில் நாலு தையல். இப்போது ஒன்றுமில்லையாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சிரிச்சியளா?"

அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போன் வந்ததும் நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன். "அப்பா, கோட்டுல காலருக்குக் கீழ மஞ்சப் பூ ஒண்ணு இருக்கு. நாந்தான் தச்சேன். உடனே பிச்சுருங்க" என்றேன்.

"தெரியும்ட்டி. வந்த அன்னைக்கே பாத்துட்டேன்."

"அதப் பாத்துத்தான் அந்தப் பையங்க அடிச்சாங்களா?"

"பூவ ஒருத்தனும் பாக்கலட்டி" என்றார். பிறகு, "அது அங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அடிப்பாள் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன். அவள் போனை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிப் பேசி முடித்தாள். அப்புறம் காலையில்தான் பின்னிவிட்டிருந்த என் சடையை அவிழ்த்து, உட்கார வைத்து, மறுபடியும் பின்னிவிட்டாள். யார் சொன்ன பையன்கள் என்று அவள் கேட்கவே இல்லை.

மார்ச்சில் அப்பா வந்தார். மீசை முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்திருந்தது. புருவத்தின் மேல் ஒரு கோடு. கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தார். ஓடிப்போய்க் காலரைத் திருப்பிப் பார்த்தேன். பூ அழுக்கேறி அங்கேயே இருந்தது. ஐந்தாவது இதழ் அப்போதும் கோணல்தான். கோட்டின் ஒரு தோள்பட்டை மட்டும் முழுக்கக் கிழிந்து, பொடித் தையலால் ஒட்டுப் போட்டிருந்தது. அவர் தங்கியிருந்த விடுதிக்காரப் பாட்டி தைத்துக் கொடுத்தாளாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வழுக்கி விழுந்தா தோள்பட்ட எப்பிடிக் கிழியும்?"

"வெலிங்டன் தையல் அம்புட்டுத்தான்" என்றார் அப்பா. அம்மா கோட்டை மடித்துப் பீரோவில் வைத்தாள். எனக்கு மனது லேசாகிவிட்டது. பூவை யாரும் பார்க்கவில்லை, அதனால் யாரும் அடிக்கவில்லை, அப்பா வழுக்கித்தான் விழுந்தார். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயம் இருக்க முடியாது என்று தோன்றியது.

அப்பா ஒரு புகைப்படம் கொண்டுவந்திருந்தார். பனி மூடிய தெருவில், கூட வேலை பார்த்த அந்த ஊர்க்காரர்கள் இருபது பேரோடு அப்பாவும் வரிசையில் நின்றிருந்தார். எல்லோருக்கும் கறுப்புக் கோட்டு, புருவம் வரை இழுத்துவிட்ட குல்லா, முடிச்சு உள்ளே போன மப்ளர், பளபளக்கும் காலணி. ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை, அவருக்கு அப்போது மீசையும் வளர்ந்திருக்கவில்லை. ஜேட்டு சொல்லிக்கொடுத்த அத்தனை பாடத்திலும் அவர் தேறிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. யாருக்கும் தெரியாமல் படத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். இதில் என் அப்பா யார் என்று கண்டுபிடிக்கிறவர்களுக்கு என் புது அழிப்பான் என்று பந்தயம் கட்டினேன்.

என் அப்பாவை நேரில் கண்டிராதவர்கள்தான் எல்லோரும். முதலில் பார்த்தவள் யோசிக்காமல் அப்பாவின் மேல் விரலை வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். அதற்கடுத்தவள் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை, தள்ளி நின்றே காட்டினாள். அந்தப் பக்கம் போன வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து, எதுவும் கேட்காமலே அவரைத் தொட்டுவிட்டு என் தலையைத் தடவிவிட்டுப் போனார். பூ முதுகுப் பக்கம் இருக்கிறது, படத்திலோ முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது, இவர்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்று எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அந்த அதிசயத்தை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "எல்லாரும் ஒடனே கண்டுபிடிச்சுட்டாங்கம்மா. ஒருத்திகூடத் தப்பா காட்டல." அம்மா படத்தை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். பீரோவைத் திறந்து, சிவப்புக் கரை போட்ட அந்தப் புடவைக்கு அடியில் அதை வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஓரம்கூட மடங்காமல் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த படத்தை எதற்காகப் பிடுங்கிப் பூட்ட வேண்டும் என்று எனக்கு வந்த கோபத்தில், அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.