இத்தாலி வழியாக ரஞ்சன்குடிக்கு

1943, ஐப்பசி முதல் வாரம். காலை 6.40-க்கு அரியலூரில் இறங்கினேன். எழும்பூரிலிருந்து இரவெல்லாம் யாரோ ஒருவருடைய டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு போயே போய்விட்டது. யுத்த காலத்தில் வீண் பிரயாணம் வேண்டாமென்று சர்க்கார் தலைதலையாய் அடித்துக்கொள்கிறது. நான் கேட்டால்தானே!

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எந்த நாடு எவனோடு கூட்டு என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. வீட்டுச் சுவரில் உலகப் படம் மாட்டி, நேச நாடுகளுக்குச் சிவப்பு ஊசியும் அச்சு நாடுகளுக்குக் கறுப்பு ஊசியும் குத்தி வைத்திருக்கிறேன். இருநூறு வருஷத்துக்கு முன் ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கத்திலும் இப்படி இரண்டு கூட்டு மோதியிருக்கிறது. ஒரு நவாப்புக்குப் பின்னால் ஆங்கிலேயர், இன்னொரு நவாப்புக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர். அந்த இடத்தைப் பார்க்கத்தான் புறப்பட்டேன்.

பிளாட்பாரத்தில் ஒருவர் வெளுத்த வேட்டியும் புதுத் துண்டுமாக ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலையை நீட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"சார், பட்டாளத்து ஆளு யாராச்சும் வந்தாங்களா?"

இல்லை என்றேன். வண்டி போயிற்று. நான் போக வேண்டிய பெரம்பலூர் பஸ் கரியில் ஓடுவது. அடுப்பை மூட்டி, கையால் காற்றாடியைச் சுற்றி அது உயிர் பெற ஒரு மணி நேரம். அவர் மாட்டுவண்டியும் அங்கேதான் நின்றது. இரண்டு மாட்டுக்கும் கொம்பில் மஞ்சள். சும்மா இருப்பேனா? விசாரித்தேன்.

பெயர் கோவிந்தசாமி. உடையார்பாளையம் போகும் வழியில் ஒரு கிராமத்து விவசாயி. ஒரே மகன் நடராசன் பட்டாளத்தில் சேர்ந்து, பாலைவனச் சண்டையில் பிடிபட்டு, இத்தாலியில் கைதியாக இருக்கிறான். வருஷத்தில் இரண்டு கார்டு வந்ததாம்.

"இத்தாலிக்காரன் நம்ம கச்சிக்கு வந்துட்டான்னு தபால்காரர் சொன்னாருங்க. அன்னைலேருந்து ஒம்போது நாளா வண்டி கட்டிட்டு வரேன்."

"கச்சி மாறினா உடனே விட்டுடுவாங்களா?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன சார் இப்படிக் கேட்டுப்புட்டீங்க? எங்க பக்கம் ரெண்டு கச்சி ராசியாயி வெத்தல மாத்துனா, பட்டியில அடச்ச எதிராளி மாட்ட அன்னைக்கே அவுத்து, கொம்புக்கு மஞ்சத் தடவி அனுப்பணும். ஒரு ராத்திரி வச்சிருந்தாலும் ராசி செல்லாதுங்க. இத்தாலி தூரம். அதான் ஒம்போது நாளு."

இத்தாலி மாறியதும் நானும் கறுப்பு ஊசியைப் பிடுங்கிச் சிவப்பைக் குத்திவிட்டு ஆனந்தமாகக் காப்பி குடித்தவன்தான். ஆனால் என் பைக்குள் பத்திரிகை இருந்தது. ஜெர்மானியர் இத்தாலியின் வடபாதியைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த கைதிகளை ரயிலேற்றித் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. பையைத் திறக்காமலே நின்றேன். பஸ் ஹாரன் அடித்தது. தப்பித்தோம் என்று ஏறிக்கொண்டேன். கோழை!

பெரம்பலூர் பத்தொன்பது மைல், எட்டணா. வழியில் இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம். அங்கிருந்து வேறு பஸ்ஸில் வடக்கே பத்து மைல், நாலணா. பதினொன்றரைக்கு ரஞ்சன்குடி. கருங்கல் மதில், காய்ந்த அகழி, உள்ளே ஆடுகள். ஆடு மேய்த்தவர் தரைக்குக் கீழே இருண்ட ஓர் அறையைக் காட்டி, "கைதிங்கள இதுலதான் போடுவாங்களாம்" என்றார்.

"கோட்டை கை மாறினப்ப உள்ளே இருந்தவங்க என்ன ஆனாங்க?"

"அதெல்லாம் யாருக்குங்க தெரியும்? சாவி கை மாறியிருக்கும். அவங்க உள்ளதான் கெடந்திருப்பாங்க."

அதற்கு மேல் கோட்டையைச் சுற்ற மனமில்லை.

மாலை ஐந்துக்கு அரியலூர் திரும்பினால் கோவிந்தசாமி அங்கேயே இருந்தார். திருச்சியிலிருந்து மதராஸ் போகும் என் வண்டிக்கும் காத்திருந்தார். "பய தூங்கிட்டே ஊரத் தாண்டிப் போயிருந்தா, இதுலதானே திரும்பி வரணும்?"

பத்திரிகையைப் பிரித்துப் படித்துக் காட்டினேன். அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அப்ப எம் புள்ள ஜெர்மன்காரன் பட்டியில இருக்கான்."

"அப்படித்தான் தெரியுது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். "படிச்சவரு நீங்க, சொல்லுங்க சார். ஜெர்மன்காரன் எப்ப நம்ம கச்சிக்கு வருவான்?"

உலகத்துக் கூட்டுகளையெல்லாம் சுவரில் குத்தி வைத்தவன் நான். தெரியாதுங்க என்றேன்.

வண்டி வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். கோவிந்தசாமி முதல் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் பெட்டிக்கு வந்தார். என்னைத் தாண்டி உள்ளே மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். பிறகு அடுத்த பெட்டிக்குப் போனார்.