முற்றுகைப் பாட்டு நடத்திய வருஷம்

போன வாரம் திருப்பதி போகிற வழியில் பஸ் புத்தூரில் நின்றது. பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததும் எனக்குச் சந்தேகப் புத்தி கிளம்பிவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் உண்டு.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எதுவென்று தீராமல் கிடந்த காலம். கார்வேட்டிநகரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் புதுத் தமிழ் வாத்தியார். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பார்க்க அதிகாரிகள் வரப்போவதாகப் பேச்சு. அதற்காகவே பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பஸ் நிறுத்தப் பலகையில் ஒருநாள் தமிழ் எழுத்தில் தார் பூசியிருக்கும், மறுநாள் தெலுங்கில். டீக்கடையில் எந்த மொழியில் கேட்பது என்று யோசித்து, பெரும்பாலும் விரலைத்தான் காட்டுவேன்.

கடைசி வகுப்புக்கு அந்த வருஷம் ஒரு நெடும்பாட்டு. மலைக்கோட்டை ஒன்றைப் பகைவர் சூழ்ந்துகொள்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் பணியவில்லை. பதம் பிரித்துப் பொருள் சொல்லி முடிக்க மாதக்கணக்காகும். என் மாணவி ராஜம்மா வீட்டில் அதை உரக்கப் படித்திருக்கிறாள். கரும்பு போடுகிற அவள் அப்பா முனுசாமி மறுநாளே வந்துவிட்டார். ஊர் எந்தப் பக்கம் போனாலும் நிலத்துக்குப் பட்டா தான்தான் கேட்டு நிற்கவேண்டும், மகள் வாயில் கோட்டை, பகைவன் என்று வரக்கூடாது என்றார். பாட்டு பல நூறு வருஷத்துப் பழசு என்றேன்.

"பழசுன்னா இப்ப ஏன் சார் எடுக்கணும்?"

பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினேன். அடுத்த வாரமே மகளைத் தெலுங்குப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அவருக்கு யார் தூபம் போட்டார்கள் என்று நானும் ஆராய ஆரம்பித்தேன். கூடவே சாப்பிடும் தெலுங்கு வாத்தியார்மேல் சந்தேகப்பட்டு, டிபன் பாக்ஸோடு வேறு மூலைக்குப் போனேன். அந்த மனுஷன் தன் ஊறுகாயை அங்கேயும் கொண்டுவந்து வைத்தார். அதையும் சந்தேகத்தோடுதான் தின்றேன்.

சில மாதம் கழித்துப் புத்தூர்ச் சந்தையில் ராஜம்மா ஓடிவந்தாள்.

"சார், அந்தக் கோட்டை இன்னா ஆச்சு?"

பின்னால் முனுசாமி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, விழுந்துவிட்டது என்றேன். அவள் முகம் சுருங்கியது. முனுசாமி நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"காட்டிக் குடுத்தது யாரு சார்?"

யாருமில்லை, கோட்டைக்குள் இருந்த சுனை வற்றிவிட்டது, அவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை.

"யாரோ ஒருத்தன் இருந்துக்கிறான். பாட்டு கட்டனவருக்கு வேண்டியவன். அதான் எழுதாம உட்டுட்டாரு."

எல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அவர் நிலமும் அவரிடமே இருந்தது. தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்து, பிறகு அதை மூடினார்கள். நான் சித்தூருக்கு மாற்றலாகி, இன்னும் எத்தனையோ நெடும்பாட்டுகள் நடத்தினேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், தேர்வில் எழுதினார்கள், மறந்தார்கள். ஒரு பாட்டைக் கேட்டு, இது நம் ஊரை என்ன செய்யுமோ என்று பயந்து பள்ளிக்கு ஓடிவந்த தகப்பன் அதற்கப்புறம் ஒருவர்கூட இல்லை.