செல்கிறேன் என்றொரு பிழை

பதினைந்து ஆண்டுகளாக ஒரு மாத இதழில் எழுதிய சிறு கட்டுரைகளை நூலாக்கும் பொருட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். கொச்சை கலவாத நடை என்பதே என் பெருமை. அவற்றுள் ஒன்று, திருவரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு நாள்தோறும் பூக் கொண்டுவரும் வசந்தாவைப் பற்றியது. அதை அவரிடமே படித்துக் காட்டினேன். ‘செல்கிறேன்’ என்று அவர் விடைபெறும் இறுதி வரியில், முழம் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

“என்னங்க சார், ஒரேயடியா அனுப்பி வெச்சிட்டீங்களே! நான் என்னிக்குங்க அப்படிச் சொன்னேன்? போயிட்டு வரேன்னுல்ல சொல்லுவேன்!”

சிரித்தபடிதான் சொன்னார், ஆயினும் நாணினேன். இலக்கணம் வழுவாமல் எழுதி, மீண்டு வருவேன் என்ற அவர் சொல்லை அழித்திருந்தேன். அவர் எதிரிலேயே அதை அடித்து, அவர் சொன்னபடி எழுதினேன்.

என் நடைக்கு ஒவ்வாத வரி நூலில் அது ஒன்றே. புத்தகத்தைத் திறந்தால் நான் முதலில் தேடுவதும் அதையே.