கையைப் பின்னுக்குக் கட்டிப் பார்த்த குகை

உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டிருந்த பாறை ஓரடியில் குளிர்ந்துபோனதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வாசற்படிக்கு அப்பால் தம்புள்ளை மலையின் வெயில். இப்பால் எண்ணெய் விளக்கும் வாடிய தாமரையும் வௌவால் எச்சமும் கலந்த வாசம். கண் பழகப் பழக இருட்டுக்குள் ஒரு சிவந்த உள்ளங்கால் தெரிந்தது. சித்தப்பா என்னைத் தூக்கி நிறுத்தினாலும் எட்டாத அளவு பெரியது. புத்தர் படுத்திருக்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அந்தக் குளிரில் கால் வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சித்தப்பா மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் சித்திரம் படிப்பித்தவர். தம்புள்ளைக் குகைகளை ஒருமுறை பார்த்து வந்தபின் அவருக்கு வேறு கதையே இல்லை. கல்லு முகடு முழுக்கச் சித்திரம், ஒரு சாண் இடம் வெறுமையாய் இல்லை என்று கஞ்சி குடிக்கும்போதுகூட எங்கள் வீட்டு முகட்டைப் பார்த்தபடியே சொல்லுவார். அந்தப் பைத்தியம் எனக்கும் தொற்றிவிட்டது. அப்பாவை நாங்கள் ஐயா என்போம், அவர் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து முடியாமல் அசையமாட்டார். அம்மா வந்தால்தான் பெண்பிள்ளை நானும் போகலாம். அம்மாவோ திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீரும் குடியாதவர்.

"வேறை கோயிலிலை சைவப் பிள்ளையளுக்கு என்ன வேலை?" என்றார்.

"கும்பிட ஆர் கூப்பிட்டது அண்ணி? சித்திரம் பாக்கத்தான் கேக்கிறன்" என்று சித்தப்பா மாதக் கணக்கில் நச்சரித்தார். கடைசியில் அம்மா, "உது எங்களுக்குக் கோயிலில்லை, சும்மா கல்லெண்டு நினைச்சு வாறன்" என்று இறங்கிவந்தார். வாடகைக் கார் பேசி, கட்டுச்சோற்றுக்குப் புளியும் கரைத்தாயிற்று. புறப்படுவதற்கு முதல்நாள் மலாயாவிலிருந்து தந்தி வந்தது. ஐயாவின் பெரியப்பா மகன் ஒருவர், நான் முகம் கண்டறியாதவர், அங்கே காலமாகிவிட்டார்.

இழவுத் தீட்டை நாங்கள் "துடக்கு" என்போம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை செத்தவரின் இனசனத்தார் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. செத்தவருக்காக அழாத நான் தம்புள்ளைக்காக அழுதேன். சித்தப்பா மட்டும் அசையவில்லை. "துடக்குக் கோயிலுக்குத்தானே? உது கோயிலில்லையெண்டு நீங்கள்தானே சொன்னனியள்?" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்று எங்களுக்குச் சொல்லுகிற அம்மாவுக்கே அன்று அது பலித்தது.

அப்படித்தான் ஆனையிறவும் வவுனியாக் காடும் தாண்டி அந்தச் சிவந்த பாதத்தின் முன் வந்து நின்றோம். யாரோ விளக்கொன்றைத் தூக்கிப் பிடிக்க, பாதத்திலிருந்து முகம்வரை வெளிச்சம் ஓடியது. ஒரு கணந்தான். அம்மாவின் இரு கைகளும் தாமாகவே தலைக்கு மேல் போய்க் குவிந்துவிட்டன.

உடனே இறக்கினார். முகம் வெளிறிவிட்டது. "கும்பிட்டுப் போட்டன். இனி உது கோயில்தான். துடக்கோடை நிக்கேலாது, வாருங்கோ."

சித்திரமுள்ள பெரிய குகை அடுத்ததுதான். அதன் வாசல் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது.

"கும்பிட்டது நீங்கள், அண்ணி. நாங்கள் இன்னும் கும்பிடேல்லை" என்றார் சித்தப்பா.

அம்மா என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துப் பின்னுக்குக் கொண்டுபோய், விரல்களைக் கோத்துவிட்டார். "உப்பிடியே பார் பிள்ளை. அவிழ்க்காதை. வந்து எனக்குச் சொல்லு."

பொலிஸ்காரர்போலக் கையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெரிய குகைக்குள் போனேன். கழுத்து நோக அண்ணாந்து பார்த்தேன். மேடு பள்ளமான கல்லு, சித்திரம் தீட்டியதால் விரித்த சீலைபோலத் தொங்கியது. ஒரு பக்கம் வில்லும் யானையுமாய்ப் பேய்ப்படை வர, நடுவில் புத்தர் கண்மூடி இருந்தார். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. அம்மாவுக்குச் சொல்லவேண்டுமே என்று நிறம் நிறமாய் மனப்பாடம் செய்தேன். முகட்டிலிருந்து நீர் சொட்ட, வெள்ளை உடுத்த சிங்களக் கிழவி ஒருத்தி அதை ஏந்தித் தலையில் தெளித்தாள். என் கையும் நீளப் பார்த்தது, விரல்களை இறுக்கிக்கொண்டேன்.

அம்மா வாசலுக்கு வெளியே வெறும் பாறையில் குடை பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சுவாங்க எல்லாம் சொன்னேன். தண்ணீர் சொட்டுவதைச் சொன்னதும், "தீர்த்தமோ?" என்று மெல்லக் கேட்டார். நான் கை நீட்டவில்லை என்றேன். நல்ல பிள்ளை என்றுதான் சொன்னார். ஆனால் முகம் வாடிவிட்டது. "அந்தியேட்டி முடியட்டும், நான் ஒருக்கா வருவன்" என்றார்.

வரவில்லை. உலக யுத்தம் வந்தது, பெற்றோல் தட்டுப்பாடு வந்தது, எங்கள் கலியாணங்கள் வந்தன. அயலவருக்கு மட்டும் அந்தக் குகையைப் பேய்ப்படையோடும் யானையோடும் தாமே பார்த்ததுபோல் சொல்லுவார். எனக்குக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

அண்மையில் மகன் காரில் கூட்டிக்கொண்டு போனான். மின்சார விளக்கு வந்திருக்கிறது. சொட்டும் நீரைச் சுற்றி வேலி. துடக்கென்றால் என்னவென்று பேத்திக்குத் தெரியாது. அவள், "ஏன் அப்பம்மா கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டபோதுதான் நானே கவனித்தேன். வெளியே பாறையில் அம்மா குடையோடு காத்திருக்கிறார் என்று இத்தனை வருடமாய் என் கைகள் நம்பிக்கொண்டிருந்திருக்கின்றன. போய்ச் சொல்ல இனி ஆளில்லை.

விரல்களை அவிழ்த்தேன். அம்மாவின் கைகளைப் போலவே அவை தாமாகத் தலைக்கு மேல் போயின.